யார் பார்த்தாலும் குற்றமில்லாத தாள்

சதுரக்கோட்டுக் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள். அதை நாலாக மடித்து, வெள்ளைச் சட்டையின் பைக்குள், மேல் விளிம்பு ஒரு விரற்கடை வெளியே தெரியும்படி வைத்திருப்பார் அத்தான். பாதையில் நின்றபடி அவர் கரையை நெருங்கும்போதே எனக்கு அந்த விளிம்பு தெரிந்துவிடும். பாதை என்று நாங்கள் சொல்வது, ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவையை. தாளை அப்படி வெளியே தெரிய வைக்கச் சொன்னது நான். அதற்கு முன்பு அவர் அதைச் சோற்றுப் பெட்டியின் மூடிக்குள் ஒளித்துக்கொண்டு வருவார். அவருடைய பயம் சரியானது. என்னுடைய விஞ்ஞானமும் சரியானதுதான். ஆனால் பயத்தை விடச் சொன்னேன், அவரும் விட்டார். அதனால்தான் அவர் இல்லாமற்போனாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அத்தான் என் ஒரே அக்காவின் கணவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர் எங்களுடையது. சூரியன் உதிக்கிற பக்கம் என்பதால் எழுவான்கரை. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. அந்த நாட்களில் இரண்டு கரைக்கும் இரண்டு அதிகாரம், ஒன்றில் இராணுவம், மற்றதில் இயக்கம்; இரண்டு சோதனைச்சாவடி. அத்தானுக்குப் படுவான்கரைப் பாடசாலையொன்றில் விஞ்ஞான ஆசிரியர் வேலை. காலையில் பாதையில் போய்ப் பின்னேரம் பாதையில் வருவார். எதையும் விளக்காமல் விடமாட்டார் மனுசன். குழாயில் தண்ணீர் சொட்டினால் திருத்துவதற்கு முன் வாஷர் ஏன் தேய்கிறது என்று அக்காவுக்கு ஒரு பாடம் நடக்கும். அக்கா வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பாடம் முடிந்ததும் கூப்பிடுங்கள் என்று போய்விடுவாள். பாம்பென்றாலும் பரீட்சையென்றாலும் பிள்ளைகளுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: "விளங்கிற்றெண்டா பயமில்ல." அதை அவர் உண்மையாகவே நம்பினார்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளர். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் வந்து, மிக மங்கலான ஒளியையும் உணர்ந்து சத்தமிடும் ஒரு கண்ணாடிக் குழாயை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கையில் வாங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். ஒளி கொண்டு இரகசியம் அனுப்பும் முறையை வாவிக்கு மேலாகச் செய்து பார்க்க வேண்டும். ஈரமும் உப்பும் கலந்த எங்கள் காற்று ஒளியை எவ்வளவு குழப்புகிறது என்று அளந்து எழுத வேண்டும். அதை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் ஓர் ஆய்வு இடம் பிடிக்க வேண்டும். குவாண்டம் என்பதற்கு எங்கள் பாடப்புத்தகத்தில் சத்திச்சொட்டு என்று பெயர். அத்தானுக்கு அந்தச் சொல்லில் அவ்வளவு பிரியம். "மச்சாள், நீ அங்கயிருந்து சொட்டுச் சொட்டா விடு, நான் இங்க ஏந்துறன்" என்றார். வாவியைப் பார்த்த ஜன்னலோடு அவருடைய பாடசாலையில் ஒரு விஞ்ஞான அறை இருந்தது. குழாயும் ஒரு வாகன பற்றரியும் பாடசாலை அதிபரின் கடிதத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தன.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் கிடக்கிறது. நான் எங்கள் கரையிலிருந்து ஒளியைச் சிறு சிறு துளிகளாக அனுப்புவேன். ஒவ்வொரு துளிக்கும் ஒரு வடிகட்டித் தகட்டை நேராகவோ சரிவாகவோ பிடிப்பேன்; இரண்டிலும் இரண்டு திசை உண்டு, எந்தத் திசை என்பது என் இரகசியம். அத்தானும் தன் பக்கத்துத் தகட்டைத் தன்பாட்டுக்கு நேராகவோ சரிவாகவோ பிடிப்பார். நேர் என்றால் கூட்டல் குறி, சரிவு என்றால் பெருக்கல் குறி. குழாய் சத்தமிட்டதா இல்லையா என்பதை வேறு கொப்பியில் எழுதுவார். அந்தக் கொப்பிதான் இரகசியம். அது பாடசாலை அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். எல்லாம் முடிந்த பிறகு, தகட்டை நேராகப் பிடித்தோமா சரிவாகப் பிடித்தோமா என்பதை மட்டும் இருவரும் ஒப்பிட வேண்டும். பிடித்த விதம் ஒத்துப்போன இடங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிடுவோம். இந்த ஒப்பிடலை ஊரறியச் செய்யலாம். பத்திரிகையில் போடலாம், ஒலிபெருக்கியில் வாசிக்கலாம். அதைப் பார்த்து எவராலும் இரகசியத்தைப் பிடிக்க முடியாது. இந்த முறையின் அழகே அதுதான். படுவான்கரையில் தொலைபேசி எடுபடாது. ஆகவே கூட்டலும் பெருக்கலும் நிறைந்த அந்தப் பட்டியல் அத்தானோடு பாதையில் வரும்.

நேரா சரிவா என்பதை மனதால் முடிவு செய்யக்கூடாது, மனம் தன்னையறியாமல் ஒரு ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தேன். அத்தான் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையை உருட்டி முடிவெடுத்தார். ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம், தேய்த்த பக்கம் கொஞ்சம் அதிகமாக விழுகிறது. ஒரு மாதத் தரவும் வீண். நான் கத்திய கத்தில் அவர் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு நாணயத்துக்கு மாறினார். பின்னேரங்களில் சாப்பாட்டு மேசையில் இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்து நாங்கள் கூட்டல், பெருக்கல், பெருக்கல் என்று வாசிப்போம். இரண்டு வாத்திமாரும் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு மறுபடி முதலாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள் என்று அக்கா அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்த மேசையில்தான் ஒருநாள், அத்தான் சோற்றுப் பெட்டி மூடியிலிருந்து எண்ணெய் ஊறிய தாளை எடுத்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒளிக்கவே தேவையில்லாத ஒரே பொருளை ஒளித்துக்கொண்டு வருகிறீர்களே, இவ்வளவு படிப்பித்தும் விளங்கவில்லையா என்று கேட்டேன். விளங்கவில்லையா என்ற வார்த்தை அவரைச் சுட்டுவிட்டது. மறுநாளிலிருந்து தாள் சட்டைப் பைக்கு வந்தது. யார் என்ன கேட்டாலும் சொல்ல ஒரு வசனமும் வைத்திருந்தார். "இது ஆர் பார்த்தாலும் குற்றமில்லாத பகுதி." அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோசம் இருக்கும்.

பிறகு கடல் வந்தது. அதைப் பற்றி எங்கள் கரையில் எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அக்காவையும் என்னையும் இழுத்துக்கொண்டு அத்தான் வாவிப் பக்கம் ஓடினார். தோணி ஒன்றில் ஏற்றினார். அம்மாவைக் கூட்டிவரத் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் தண்ணீர்தான் நின்றது. மூன்று நாள் தேடினார். வாவியோரத்தில் கண்ணா என்கிற சதுப்பு மரப் பற்றைக்குள் அம்மாவைக் கண்டெடுத்தவர் அவர்தான். எங்களைப் பார்க்க விடவில்லை. சேலையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வந்து அக்காவின் கையில் கொடுத்தார். என்னுடைய கருவிகள், பட்டியல்கள், ஒரு வருட உழைப்பு எல்லாம் போயிருந்தன. அதை நினைக்கவே வெட்கமாக இருந்த நேரம் அது. அகதி முகாமில் நான் எழும்பாமல் பாயில் கிடந்தேன். சில மாதங்கள் கழிந்து ஒரு பின்னேரம் அத்தான் வந்து பக்கத்தில் குந்தினார். "மச்சாள், வாங்குற பக்கம் இன்னும் இருக்கு. அலுமாரிக்குள்ள பத்திரமாக் கிடக்கு. அனுப்புற பக்கத்த மட்டும் திரும்பச் செய்வம்" என்றார். இந்த உலகத்தில் எனக்கு யாரும் அதைவிட நல்ல வார்த்தை சொன்னதில்லை.

செய்தோம். தகரக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு செய்தோம். ஒரு வருடத்துக்கு மேல் நல்ல தரவு சேர்ந்தது. அதற்குள் பேச்சு முறிந்து மீண்டும் சண்டை தொடங்கிவிட்டது. பாதை சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. ஆட்கள் காணாமற்போகத் தொடங்கினார்கள். அத்தான் மறுபடி தாளைச் சோற்றுப் பெட்டிக்குள் வைக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டார். ஒளித்து வைத்த தாளைக் கண்டுபிடித்தால்தான் சந்தேகம் வரும், வெளியே இருப்பதை யார் சந்தேகிப்பார்கள் என்றேன். புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. உண்மையில் தாளே தேவையில்லை. தரவையெல்லாம் பாடசாலையிலேயே விட்டுவைத்து, நிலைமை சரியானதும் ஒன்றாக ஒப்பிட்டிருக்கலாம். அன்றன்றைக்கு முறைப்படி ஒப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். வெளிநாட்டுப் பேராசிரியருக்கு அப்படித்தான் செய்கிறோம் என்று எழுதியிருந்தேன்.

மாரி தொடங்கியது. மழைக்காற்றில் எடுத்த அளவுகள் மட்டும் என்னிடம் குறைவாக இருந்தன. இன்னும் ஒரேயொரு நாள் எடுத்தால் கட்டுரை நிறைவாகிவிடும் என்று அத்தானிடம் கேட்டேன். அக்காவுக்குத் தெரிந்தால் விடமாட்டாள் என்பதால் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். "ஓம், நாளைக்கு இருட்டிக்கொண்டுதான் நிக்கும். எடுத்திருவம்" என்றார். மறுநாள் பின்னேரம் ஐந்து மணிக்கே முகம் தெரியாத மழை இருட்டு. நான் துளிகளை விட்டேன். முடிந்ததற்கு அடையாளமாக அந்தக் கரையில் அவருடைய டோர்ச் மூன்று தடவை மினுங்கியது. கடைசிப் பாதை வந்தது. அதில் அத்தான் இல்லை.

பாதையில் வந்த ஒரு புடைவை வியாபாரி என்னை அடையாளம் கண்டு ஓரமாகக் கூப்பிட்டார். ஏறாவூர்க்காரர். அவர் நின்ற இடத்தையோ பிடித்தவர்கள் யாருடைய ஆட்கள் என்பதையோ இங்கே எழுதமாட்டேன். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். "வாத்தியார்ர பொக்கட்டில இருந்த தாளத்தான் எடுத்தாங்க, தங்கச்சி. முழுக்கக் கூட்டலும் பெருக்கலும். அவர் பயப்படல்ல. சிரிச்சுக்கிட்டு விளங்கப்படுத்திக்கிட்டு நிண்டார். ஆர் பார்த்தாலும் குற்றமில்ல எண்டார். கேட்கக் கேட்க அவங்கட முகம் மாறிச்சு" என்றார். விளக்கம் முடியும்வரை பாதை காத்திருக்கவில்லை. நான் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் நின்ற அக்கா, அவர் எங்கே, இன்றைக்கும் அந்த விளையாட்டா என்று கேட்டாள். இல்லை, மழையென்று விட்டுவிட்டோம், அத்தான் கடைசிப் பாதையில் வரவில்லை என்று சொன்னேன். நடந்த தூரத்தில் அந்தப் பொய் தயாராகியிருந்தது.

தேடாத இடமில்லை. இரண்டு கரை அதிகாரமும் அப்படி ஒருவர் தங்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டன. ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் அக்கா ஒரே வாக்குமூலத்தைக் கொடுத்தாள். கையில் சோற்றுப் பெட்டி, குடை. வேறொன்றும் இல்லை. நான் பக்கத்தில் நின்று, சில இடங்களில் அதை ஆங்கிலத்தில் எழுதியும் கொடுத்தேன். வேறொன்றும் இல்லை என்று என் கையால் எழுதினேன். தாளைப் பற்றிச் சொன்னால் அவருக்கு இன்னும் ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கொஞ்சம் உண்மை, மிச்சம் கோழைத்தனம். அந்தப் பாடசாலை இருந்த பக்கம் சில மாதங்களில் சண்டைக்குள் போனது. அலுமாரிக் கொப்பியும் குழாயும் என்னவாயின என்று தெரியாது. அன்று நான் அனுப்பியவற்றின் பட்டியல் என்னிடம் இருந்தது. அவருடைய பாதி இல்லாமல் அது வெறும் கிறுக்கல். மாரித் தரவு இல்லாமலே கட்டுரையை அனுப்பினேன். பேராசிரியர் ஒரு வாரத்தில் பதில் போட்டார். இருப்பதே தாராளமாகப் போதும், உடனே வரலாம் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். இருப்பதே போதுமாம்.

அக்காவைத் தனியே விட்டுவிட்டுப் போனேன். இதை வேறு வார்த்தையில் சொல்ல முடியாது. குளிர் நாட்டில் என் ஆய்வு நானோக் கம்பிகளுக்குத் திரும்பியது. தலைமயிரை நீளவாக்கில் ஆயிரமாகப் பிளந்தால் எவ்வளவு தடிப்போ அவ்வளவு கம்பி. அதைக் கடுங்குளிரில் வைத்தால் ஒரேயொரு ஒளித்துளி பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது, எனக்கென்று ஓர் ஆய்வுகூடமும் கிடைத்தது. ஒற்றைத் துளியைத் தவறவிடாத கருவி செய்பவள் என்று என்னை மேடைகளில் அறிமுகப்படுத்துவார்கள். ஒவ்வொரு விரிவுரையிலும் ஒரு கட்டம் வரும். இந்தப் பட்டியலை யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று சொல்லியாக வேண்டும். சொல்வேன். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பேன். என் மாணவர்கள் அது என் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

யுத்தம் முடிந்த ஆண்டில் விடுப்பெடுத்துக்கொண்டு வந்தேன். தடுப்புக் காவலில் இருப்பவர்களின் பெயர்கள் வருகின்றன என்றார்கள். அத்தானின் பெயரும் தகப்பன் பெயரும் ஒத்த ஒருவர் வடக்கில் ஒரு முகாமில் இருப்பதாக அக்காவுக்குத் தகவல் கிடைத்திருந்தது. இரண்டு பேரும் போனோம். அக்கா பஸ்ஸில் முழு வழியும் அவர் உடுக்கவென்று மடியில் ஒரு புதுச் சாரத்தை வைத்துக்கொண்டு வந்தாள். மெலிந்திருப்பார், இடுப்பில் நிற்காது, ஒரு பெல்ட்டும் வாங்கியிருக்கலாம் என்றாள். கம்பி வேலிக்கு அப்பால் கூட்டிவரப்பட்டவர் ஒரு கிழவர். அவரும் யாரோ தன்னைத் தேடி வந்துவிட்டார்கள் என்ற முகத்தோடுதான் வந்தார். அக்கா வேலிக்குக் கிட்டப் போனாள். பிறகு சாரத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன். அவள் நித்திரை போல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அதையே காரணமாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது வாவிக்குக் குறுக்கே பாலம். ஓட்டோவில் ஐந்து நிமிடம்கூட ஆகாது, யாரும் எதுவும் கேட்பதில்லை. சென்ற வருடம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு விரிவுரை தரும்படி என்னை அழைத்திருந்தார்கள். நான் வேண்டாமென்றும் கேட்காமல் அக்கா நல்ல சேலை உடுத்து முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். அதுவரை அவள் என் விரிவுரையைக் கேட்டதே இல்லை. தமிழில் பேசினேன். சத்திச்சொட்டு என்றேன். திரையில் கட்டங்கள் வந்தன, கூட்டலும் பெருக்கலுமாக. இந்தப் பட்டியலை வாங்குபவர் எல்லோரும் பார்க்க அனுப்பிவிடுவார், இதை யார் பார்த்தாலும் குற்றமில்லை என்றேன். அக்காவின் முகம் கொஞ்சமும் அசையவில்லை.

மறுநாள் காலை குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் குந்தி உரிக்கத் தொடங்கினேன். சட்டியைப் பார்த்தபடியே கேட்டாள்: "அண்டைக்கு அவர்ர பொக்கட்டில அந்தத் தாள் இருந்ததா புள்ள?"

சொன்னேன். கொல்லையில் கேட்டது, மூன்று தடவை டோர்ச் மினுங்கியது, வியாபாரி சொன்னது, மழையென்று சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியருக்கு அந்த அளவுகள் தேவைப்படவேயில்லை என்பதையும் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. முடிந்ததும் கேட்டாள்: "அந்தத் தாள் இல்லாட்டி விட்டிருப்பாங்களா?"

அந்தக் கிழமைகளில் கையில் ஒன்றுமில்லாமல் போனவர்களையும் பிடித்தார்கள். தாளோடு போய்த் திரும்பி வந்த நாட்களும் உண்டு. ஒரே தடவை நடந்த ஒன்றை மறுபடி நடத்திப் பார்க்க வழியில்லை. அளக்காததைச் சொல்லக்கூடாது என்பதுதான் நான் இத்தனை வருடமும் படித்ததும் படிப்பித்ததும். "தெரியாது அக்கா" என்றேன்.

"தெரியாது எண்டு சொல்லாத" என்றாள். குரல் உயரவில்லை. "போன இடமெல்லாம் தெரியாது எண்டுதான் சொன்னாங்க. இத்தின வருசமா ஆரக் கோவிக்கிற எண்டே தெரியாம இருந்திட்டன். நீயும் அதச் சொல்லாத. விட்டிருப்பாங்க எண்டு சொல்லு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் முதல்தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கேட்டது ஒரே பொருள்தான். இந்த உலகத்தில் அவளுக்கு அதைக் கொடுக்கக்கூடிய ஆள் நான் மட்டும்தான்.

"விட்டிருப்பாங்க" என்றேன்.

தலையை ஆட்டினாள். கையைக் கழுவிச் சேலையில் துடைத்துக்கொண்டு எழும்பி அறைக்குள் போனாள். அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. நான் புறப்பட்ட அன்றும் வாசலுக்கு வரவில்லை. இங்கே வந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குத் தொலைபேசி எடுக்கிறேன். மணி அடித்து அடித்து நிற்கிறது. பக்கத்தில் இருந்துகொண்டுதான் எடுக்காமல் விடுகிறாள் என்று தெரியும். நான் அழைப்பதை நிறுத்திவிட்டால் அவளுக்குக் கோபிக்க மறுபடி யாருமில்லை.